கல்ச்சர் பாட்டிலில் வளர்ந்தது எங்கிருந்து வந்த கிருமி?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. காய்ச்சல் என்று ரத்த கல்ச்சர் (ரத்தத்தைப் பாட்டிலில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) எடுத்தார்கள். இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் ரிப்போர்ட்டில் 'ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்' வளர்ந்திருப்பதாகவும், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாது என்றும் போட்டிருக்கிறது. 14 நாள் ஊசி போட வேண்டுமா?

பதில்: இந்தக் கிருமி உங்கள் தோலிலும் இருக்கிறது, என் தோலிலும் இருக்கிறது. அவசரத்தில் ஒரு துடை துடைத்து, மருந்து காய்வதற்குள் ஊசியைக் குத்தினால், தோலில் இருந்தது ஊசியோடு பாட்டிலுக்குள் போய்விடும். உள்ளே சத்தான திரவம், வெளியே இன்குபேட்டர் சூடு. ஒன்றிரண்டு நாளில் பெருகி நிற்கும். ரத்த கல்ச்சரில் இப்படி ஒட்டிக்கொண்டு வருவதில் முதலிடம் இதற்குத்தான்.

எத்தனை இடத்தில் குத்தி எடுத்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு கையிலும் தனித்தனியாக எடுத்து, ஒன்றில் மட்டும் வளர்ந்திருந்தால் பெரும்பாலும் தோல் கிருமிதான். இரண்டிலும் அதே கிருமி வந்தால் கதை வேறு. ஒரே குத்தில் எடுத்து இரண்டு பாட்டிலில் ஊற்றினால் அது இரண்டு ஆகாது! இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது; ஆள் இல்லை, நேரம் இல்லை என்பார்கள். பிறகு நோயாளி 14 நாள் ஊசி குத்திக்கொள்வார்.

'கட்டுப்படாது' என்ற பட்டியலைப் பார்த்துப் பதறாதீர்கள். பாட்டிலில் வளர்ந்ததை எது கொல்லும் என்பதுதான் அது. அப்பாவின் ரத்தத்தில் அது இருந்ததா என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: அப்பாவின் உடம்பில் வெளிப்பொருள் ஏதாவது இருக்கிறதா? செயற்கை வால்வு, பேஸ்மேக்கர், மாற்று மூட்டு, டயாலிசிஸ் குழாய்? பிளாஸ்டிக்கும் உலோகமும் கிடைத்தால் இந்தச் சாது குளத்துப் படிக்கட்டுப் பாசி மாதிரி அப்பிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக வேலை செய்யாது. பல நேரம் குழாயையே எடுக்க வேண்டியிருக்கும். முட்டி மாற்றி ஒரு வருடம் கழித்துக்கூட வரும். காய்ச்சலே இல்லாமல் வலி மட்டும் இருக்கும். "அது பழைய ஆபரேஷன்" என்று வீட்டில் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். திறங்கள்.

பெயரின் பின்பாதியையும் பாருங்கள். 'எபிடெர்மிடிஸ்' இல்லாமல் 'ஆரியஸ்' என்றிருந்தால் அது வேறு கிருமி; ஒரு பாட்டிலில் வந்தாலும் விடக்கூடாது.

ரிப்போர்ட் கையில் இருப்பது தெரிந்தால் ஆட்கள் வருவார்கள். தோல் கிருமியை வேரோடு அழிக்கும் சோப்பு, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் கேப்சூல், 'முழுக் கிருமி' டெஸ்ட் பேக்கேஜ். தோலை முழுக்கக் கிருமியில்லாமல் ஆக்க யாராலும் முடியாது, ஆக்கவும் வேண்டாம். அனுப்பிவைப்பவருக்கு அதில் கமிஷன் இருக்கும், அவ்வளவுதான்.

ஊசி ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொரு கையில் எடுத்த பாட்டிலின் முடிவு என்ன என்று அந்த டாக்டரையே கேளுங்கள். ஆரம்பிக்கவில்லை, மறுபடி காய்ச்சல் வருகிறது என்றால், முதல் டோஸுக்கு முன்பே இரண்டு கையிலும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். துடைத்தது காயும்வரை ஊசி குத்த விடாமல் இருக்கச் சொல்லுங்கள் அப்பாவை.