லெஸ்டர் சிட்டியின் வெற்றியைத் தவிர கிளாடியோ ரனியேரியின் பயிற்சியாளர் வாழ்வில் சொல்லத்தக்கது ஏதேனும் உண்டா?

நிறையவே உண்டு. இத்தாலியக் கால்பந்துப் பயிற்சியாளரான ரனியேரியை அறிய விரும்புபவர் லெஸ்டருக்குப் போவதற்கு முன்னால் இத்தாலியின் சார்டீனியா தீவில் உள்ள கால்யாரி நகருக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. 2015-16 பருவத்தில் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கை வென்றபோது, பந்தயம் கட்டுவோர் தொடக்கத்தில் அதற்குக் கொடுத்திருந்த வாய்ப்பு 5,000-க்கு ஒன்று. அப்படியொரு வெற்றிக்குப் பின், அதைப் பெற்றுத்தந்தவரின் மீதி வாழ்க்கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுத விரும்புகிறேன்.

ரனியேரி 1951 அக்டோபர் 20 அன்று ரோம் நகரில் பிறந்தவர், இறைச்சிக்கடைக்காரரின் மகன். சிறு வயது முதல் ஏ.எஸ். ரோமாவின் ரசிகர். அந்த அணிக்கே ஆடும் வாய்ப்பும் கிடைத்தது என்றாலும் ஒரு சில ஆட்டங்களுக்கு மேல் அங்கு அவருக்கு இடமில்லை. தற்காப்பு வீரராக அவருடைய ஆட்ட வாழ்க்கையின் பெரும்பகுதி தெற்கு இத்தாலியின் கத்தன்சாரோ அணியில் 1974 முதல் 1982 வரை கழிந்தது. பின்னர் கத்தானியாவிலும் பலேர்மோவிலும் ஆடினார். இந்த மூன்று அணிகளிலுமாகச் சேர்த்து நான்கு முறை கீழ்ப் பிரிவிலிருந்து மேல் பிரிவுக்கு உயர்ந்த அணியில் இருந்திருக்கிறார். பெரிய கோப்பைகளை அறியாத, ஆனால் ஓர் அணி ஒரு படி மேலேறுவதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை நன்கறிந்த வாழ்க்கை அது. பயிற்சியாளராக அவர் பின்னாளில் செய்ததற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கலாப்ரியாவின் வீகோர் லமேத்சியா போன்ற சிறிய அணிகளில் தொடங்கிய பிறகு 1988-இல் கால்யாரி அவரை அழைத்தது. 1970-இல் ஜிஜி ரீவாவின் கோல்களால் இத்தாலியின் சாம்பியனாக இருந்த அணி, அப்போது மூன்றாம் பிரிவான சீரி சி1-இல் கிடந்தது. ரனியேரி முதல் ஆண்டிலேயே அதை இரண்டாம் பிரிவுக்கும், அடுத்த ஆண்டு முதல் பிரிவுக்கும் கொண்டுசென்றார். 1990-இல் ஃபிரான்செஸ்கோலி, ஃபொன்சேகா, ஹெரேரா ஆகிய மூன்று உருகுவே வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆனால் பருவத்தின் முதல் பாதியில் அணி போதிய வெற்றிகள் இல்லாமல் தவித்தது. பலரும் கைவிட்டிருந்த நிலையில் இரண்டாம் பாதியில் மீண்டு வந்து முதல் பிரிவான சீரி ஏ-யில் தன் இடத்தைக் காத்துக்கொண்டது. சார்டீனியர்கள் அதை மறக்கவே இல்லை.

பிறகு வந்த இடங்களில் ஓர் ஒழுங்கைக் காணலாம்: சிதைந்த நிலையில் இருக்கும் அணியை ஏற்பது, அதைச் செப்பனிடுவது, கனி பறிக்கும் வேளையில் அதை வேறொருவரிடம் விட்டுவிட்டுச் செல்வது. மரடோனா விட்டுச்சென்ற நாப்போலியை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார்; மறு பருவத்தில் மிலானிடம் 5-1 எனத் தோற்றபின் பதவி பறிபோனது. இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டிருந்த ஃபியோரென்டினாவை உடனடியாக மேலேற்றி, பதிஸ்துதாவின் துணையுடன் 1996-இல் இத்தாலியக் கோப்பையை வென்றார். ஸ்பெயினின் வாலென்சியாவில் 1999-இல் அரசர் கோப்பை கிடைத்தது; அதன் அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை 6-0 எனத் தோற்கடித்தார்கள். அவர் விட்டுச்சென்ற அணியே எக்டர் கூப்பரின் கீழ் 2000, 2001 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஐரோப்பாவின் சிறந்த அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்துக்குச் சென்றது. இங்கிலாந்தின் செல்சி அணியிலும் இதே கதைதான். லாம்பார்டை வாங்கியவர் அவர். ஜான் டெரியை நிலையான இடத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 2003-04 பருவத்தில், ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம் வென்ற ஆர்சனலுக்கு அடுத்த இடத்தில் அணியை நிறுத்தினார். அந்தப் பருவம் முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டு மொரீன்யோவை அழைத்தார்கள்.

அவர் மீதான குற்றச்சாட்டையும் மறைக்கக் கூடாது. அணியை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பவர் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் அவரைக் குறை கூறின. அதற்கு இடம் கொடுத்தது செல்சி ஆடிய 2004 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டம். மொனாகோ அணி பத்துப் பேருடன் ஆடிக்கொண்டிருக்க, ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் இருந்தபோது, வெற்றியைத் துரத்தி அடுத்தடுத்து மாற்றங்கள் செய்து தன் அணியின் அமைப்பையே குலைத்துவிட்டு 3-1 எனத் தோற்றார். அந்தத் தவறு முழுக்க அவருடையது. அன்று மாற்று வீரராக இறக்கப்பட்டவர்களுள் ஒருவர் ராபர்ட் ஹூத் என்ற இளைஞர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு லெஸ்டரின் தற்காப்பில் மலைபோல் நின்றவரும் அதே ஹூத்தான். கிரேக்கத் தேசிய அணியுடன் 2014-இல் நேர்ந்தது இதைவிடக் கசப்பானது: நான்கு ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை, சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் 1-0 எனத் தோற்றதும் நீக்கப்பட்டார். நாள்தோறும் வீரர்களோடு பழகி அவர்களைப் படித்தறிந்து வேலை செய்யும் ஒருவருக்கு, எப்போதாவது கூடிக் கலையும் தேசிய அணி பொருந்தவில்லை என்பதுதான் எனக்குத் தோன்றும் விளக்கம்.

அடுத்த ஆண்டே லெஸ்டர். அதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவோரிடம் நான் உடன்படாததற்குக் காரணம், அங்கு அவர் எடுத்த சில முடிவுகள்தாம். முந்தைய பயிற்சியாளரின் உதவியாளர்களான ஸ்டீவ் வால்ஷையும் கிரெய்க் ஷேக்ஸ்பியரையும் அவர் மாற்றவில்லை. முந்தைய பருவத்தின் இறுதியில் தரமிறக்கத்திலிருந்து தப்பிய அணியின் ஓட்டத்தையும் உறவுகளையும் கலைக்காமல், இத்தாலியப் பாடங்களை அவர்கள் தலையில் ஏற்றாமல், எளிய 4-4-2 அமைப்பில் வார்டியின் வேகத்தையும் மஹ்ரெஸின் கால்திறனையும் காந்தேயின் சலியாத ஓட்டத்தையும் பொருத்தினார். 2015 செப்டம்பரில் ஆர்சனலிடம் 5-2 எனத் தோற்றதும், பக்கத் தற்காப்பில் இருந்த இருவரையும் எடுத்துவிட்டு சிம்ப்சனையும் ஃபுக்ஸையும் கொண்டுவந்தார். அதன் பிறகு அந்தப் பருவத்தில் அவருடைய அணி கிட்டத்தட்ட மாறவே இல்லை. ஓயாமல் மாற்றுபவர் எனப் பெயர் பெற்றவர், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார். கோல் வாங்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் எல்லோருக்கும் பீட்சா என்று வாக்குக் கொடுத்தார். கிரிஸ்டல் பேலஸை 1-0 என வென்றதும் அந்த பீட்சாவை வீரர்களையே செய்ய வைத்தார். 38 ஆட்டங்களில் மூன்றே தோல்விகள், 81 புள்ளிகள், இரண்டாம் இடத்துக்கும் அவர்களுக்கும் பத்துப் புள்ளி இடைவெளி. பட்டம் உறுதியான 2016 மே 2 அன்று அவர் ரோமுக்குச் சென்று தம் 96 வயதுத் தாயுடன் மதிய உணவு உண்டுவிட்டு இங்கிலாந்து திரும்பினார். ஒன்பது மாதங்களில், அணி மீண்டும் தரமிறக்கத்தின் விளிம்புக்கு வந்தபோது, அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். இரண்டாம் பருவச் சரிவில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்றும் குறையவில்லை.

இப்போது மீண்டும் கால்யாரிக்கு வருகிறேன். நாந்த், ஃபுல்ஹாம், சாம்ப்டோரியா, வாட்ஃபோர்ட் என அலைந்தபின், 71 வயதில், 2023-இன் தொடக்கத்தில் அவர் அங்கே திரும்பினார். பழைய இனிய நினைவைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சத்தில் முன்பு அந்த அழைப்பைத் தவிர்த்துவந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அணி அப்போது இரண்டாம் பிரிவில் 14-ஆம் இடத்தில் இருந்தது. அதை ஐந்தாம் இடத்துக்கு உயர்த்தி, முதல் பிரிவுக்கு மேலேறுவதற்கான தகுதிச் சுற்றின் இறுதிவரை கொண்டுவந்தார். கால்யாரியில் நடந்த முதல் ஆட்டம் 1-1. 2023 ஜூன் 11 அன்று பாரி நகரில், ஏறத்தாழ 58,000 பேர் நிறைந்த அரங்கில், சமநிலையில் முடிந்தாலே பாரி அணி மேலேறிவிடும் என்ற நிலையில், இரண்டாம் ஆட்டம். நம் நேரப்படி நள்ளிரவில் தொடங்கிய அந்த ஆட்டத்தை நான் விழித்திருந்து பார்த்தேன். 90 நிமிடங்கள் முடிந்து கூடுதல் நேரத்தின் நான்காம் நிமிடத்தில், மாற்று வீரராக இறங்கியிருந்த பவொலெட்டி கோல் அடித்தார். ஆட்டம் முடிந்ததும் ரனியேரி அழுதார். பிறகு, கொண்டாட்டத்தில் திளைத்த தம் ஆட்களிடம் பாரி ரசிகர்களை ஏளனம் செய்ய வேண்டாம், அவர்களுக்குக் கைதட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கோப்பைகளின் பட்டியலில் எங்கும் வராத அந்த ஒரு செயலுக்காகவே அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடுத்த பருவம் அதைவிடக் கடினம். லீக்கில் ஒரு வெற்றியும் இல்லாமல் அக்டோபர் இறுதிவரை வந்த அணி, ஃப்ரோசினோனேயிடம் 72-ஆம் நிமிடம்வரை 3-0 எனப் பின்தங்கியிருந்து, பவொலெட்டி கூடுதல் நேரத்தில் அடித்த இரு கோல்களால் 4-3 என வென்றது. 2024 ஜனவரியில் ஜிஜி ரீவா காலமானார். பிப்ரவரியில் தொடர் தோல்விகளுக்குப் பின் ரனியேரி பதவி விலக முன்வந்தபோது வீரர்கள் சம்மதிக்கவில்லை. மே மாதம் சஸ்ஸுவோலோவை 2-0 என வென்று சீரி ஏ-யில் நிலைத்தார்கள். 1991-இல் செய்ததையே 33 ஆண்டுகள் கழித்து அதே ஊரில் மறுபடியும் செய்துகாட்டிவிட்டு, அவர் ஓய்வை அறிவித்தார்.

அந்த ஓய்வு ஆறு மாதங்கள்கூட நீடிக்கவில்லை, ஏனெனில் அழைத்தது ரோமா. அவர் அங்கே பொறுப்பேற்றது அது மூன்றாம் முறை. முதல் முறை, 2009-10-இல், பட்டத்தை இன்டரிடம் இரண்டே புள்ளிகளில் இழந்தார். அந்தப் பருவத்தில் ரோமின் மற்றோர் அணியான லாட்சியோவுக்கு எதிரான உள்ளூர்ப் போட்டியில் 1-0 எனப் பின்தங்கியிருந்தபோது, ரோமின் மைந்தர்களான தொத்தியையும் தே ரோஸ்ஸியையும் இடைவேளையிலேயே வெளியே அமர்த்திவிட்டு 2-1 என வென்றதை ரோம் நகரத்தார் இன்றும் பேசுவார்கள். அவரும் ரோமின் மைந்தர் என்பதால்தான் அந்தத் துணிவு வந்திருக்க வேண்டும். 2024 நவம்பரில் அவர் வந்தபோது அணி 12-ஆம் இடத்தில், ஒரே பருவத்தில் இரண்டு பயிற்சியாளர்களை இழந்து குழம்பிக் கிடந்தது. லீக்கில் தொடர்ந்து 19 ஆட்டங்கள் தோல்வியின்றி ஆடி, சாம்பியன்ஸ் லீக் இடத்தை ஒரே ஒரு புள்ளியில் தவறவிட்டு, ஐந்தாம் இடத்தில் முடித்தது. 2025 ஜூனில், பயிற்சியாளர் ஸ்பல்லெட்டி நீக்கப்பட்டபின், இத்தாலியின் தேசிய அணிப் பொறுப்பை ஏற்க அவருக்கு அழைப்பு வந்தது. எந்த இத்தாலியப் பயிற்சியாளரும் ஏங்கும் அந்தப் பதவியை, ரோமாவில் ஆலோசகராக இருக்க ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார்.