ரேபிஸ் அடுத்து எந்தப் பக்கம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், ரேபிஸ் அடுத்து எந்த ஊருக்குப் போகும்னு மேப் போட்டு முன்னாடியே சொல்றாங்களாமே, நரி எந்தப் பக்கம் ஓடும்னு யாருக்குத் தெரியும்? சும்மா அடிச்சு விடுறாங்களா?

பதில்: அடிச்சு விடல. ஒத்த நரி எங்க ஓடும்னு யாராலயும் சொல்ல முடியாதுதான், ஆனா நோய் மொத்தமா எந்த வேகத்துல நகருதுன்னு ஓரளவு பிடிச்சிடலாம். ஐரோப்பாவுல 1940 வாக்குல போலந்து பக்கம் கிளம்பின நரி ரேபிஸ் வருஷத்துக்கு 30லேர்ந்து 60 கிலோமீட்டர்னு மேற்கால போய்க்கிட்டே இருந்துச்சு.

எனக்குப் பிடிச்ச உதாரணம் அமெரிக்காவுல கனெக்டிகட். ரக்கூன்ங்கிற காட்டு மிருகத்துக்கிட்ட பரவுற ரேபிஸ் 1991ல மேற்கு எல்லை வழியா உள்ள வந்துச்சு, மாநிலத்துல இருக்குற 169 டவுன்லயும் முதல் கேஸ் எந்த மாசம் வந்துச்சுங்கிற கணக்கை வச்சு மாடல் (நோய் எப்படி நகரும்னு கணக்குப் போட்டுச் சொல்ற முறை) ஓட்டிப் பார்த்தாங்க, 2002ல ரிசல்ட் வந்துச்சு. ரெண்டு டவுனுக்கு நடுவுல ஆறு இருந்தா அங்கேர்ந்து இங்க தொத்துறது ஏழுல ஒரு பங்காக் குறைஞ்சிடுது! அப்போ தடுப்பு மருந்து வச்ச தீனியை எங்க போடணும்? நோய் வந்த இடத்துல இல்ல, அது இன்னும் தாண்டாத ஆத்தங்கரையில. இந்தத் தீனி முறையை 1978ல முதல்ல களத்துல செஞ்சு பார்த்தது சுவிட்சர்லாந்து, கோழித் தலைக்குள்ள மருந்தை வச்சு நரிக்குப் போட்டாங்க (ஆமா, கோழித் தலையேதான்).

மாடல் சறுக்குற இடம் மனுஷன். அந்த ரக்கூன் ரேபிஸே வேட்டைக்காகத் தென்கிழக்கு மாநிலங்கள்லேர்ந்து ரக்கூனைப் பிடிச்சு வண்டியில ஏத்தி வந்ததாலதான் வடக்க குதிச்சுச்சு, 1977ல மேற்கு வர்ஜீனியாவுல தலை காட்டுச்சு. அதனால மாடல்ல இந்த மாதிரி திடீர்த் தாவலுக்கும் ஒரு பங்கு விட்டு வைப்பாங்க, எங்க தாவும்னு மட்டும் கேட்காதீங்க.

இன்னொண்ணு, மேப்புல புள்ளி இல்லைன்னா நோய் இல்லைன்னு நினைச்சிடாதீங்க, செத்த மிருகத்தோட மூளையை டெஸ்ட் பண்ணினாத்தான் புள்ளி விழும், சாம்பிளே அனுப்பாத ஊர் எப்பவும் சுத்தமாத்தான் தெரியும்.

கேள்வி: நாய்க்கும் இதே கணக்குதானா?

பதில்: இல்ல, நாய் மனுஷன் கூடவே போகுது. அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா பக்கம் வைரஸோட மரபணுவை வச்சுப் பார்த்தப்போ நேர்கோட்டுத் தூரத்தை விட ரோடு வழித் தூரம்தான் பரவலோட நல்லாப் பொருந்துச்சு. அதனால நாய்க்கு ரோடு மேப்பை எடுங்க, பஸ் நிக்குற ஊருல ஊசி போடுற வேலையை ஆரம்பிங்க, 70 சதவீத நாய்க்குப் போட்டா பரவல் அடங்கும்.