கப்பல் நேரமா, கடிகார நேரமா: கரையிறங்குவோர் கேள்விகள்

உல்லாசக் கப்பல் பயணிகளிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி கரீபியன் தீவுகளைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: கப்பல் காலை 8 முதல் மாலை 5 வரை தீவில் நிற்கும் என்று போட்டிருக்கிறது. ஒன்பது மணி நேரம் ஊர் சுற்றலாம் அல்லவா?

ப: முடியாது. 8 மணிக்குக் கப்பல் துறையில் கட்டப்படும், அவ்வளவுதான். உள்ளூர் அதிகாரிகள் அனுமதி தந்து, கேங்வே என்ற இறங்கும் பாலத்தைப் போட்டு, முன்னால் நிற்கும் கூட்டம் நகர்ந்து நீங்கள் தரையில் கால் வைக்க முக்கால் மணி நேரம் ஆகும். 5 மணிக்குக் கப்பல் கிளம்பும். நீங்கள் ஏறியிருக்க வேண்டியது 4.30க்கு. கப்பல் கடலிலேயே நிற்க, டெண்டர் என்ற சிறு படகில் கரைக்குப் போய்வரும் துறைமுகம் என்றால் இன்னும் முன்னால். ஆறரை மணி நேரத்துக்குத் திட்டம் போடுங்கள்.

கே: நல்ல பீச் ஒன்று சொல்லுங்கள்.

ப: எந்தத் தீவில்? எந்த மாதத்தில்? இரண்டையும் எழுதாமல் கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? பொதுவாக ஒன்று சொல்கிறேன். கரீபியனில் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி பெரும்பாலும் கிழக்குக் கரைகளில்தான் வந்து ஒதுங்கும். அது அழுகினால் கெட்ட முட்டை வாடை அடிக்கும். அந்த மாதங்களில் மேற்குக் கரையைப் பாருங்கள்.

கே: கிராண்ட் கேமனில் டெண்டர் படகு என்கிறார்கள். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. இறங்க முடியுமா?

ப: கடல் அமைதியாக இருந்தால் முடியும். அங்கே பெரிய கப்பல்களைக் கட்டத் துறையே கிடையாது. கட்டலாமா என்று 2025இல் வாக்கெடுப்பு வைத்தார்கள், மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதனால் எல்லோரும் படகில்தான் போக வேண்டும். கஷ்டம் படகுக்குள் இல்லை, அதில் ஏறும் அந்த ஒரு எட்டில்தான். கப்பலின் பக்கவாட்டில் திறக்கும் மேடை அசையாது, படகு மட்டும் ஓர் அடி மேலே வரும், ஓர் அடி கீழே போகும். இரண்டும் சமமாக வரும் நொடியில் ஊழியர்கள் இரு பக்கமும் முழங்கையைப் பிடித்து "இப்போது" என்பார்கள். அப்போது தயங்காமல் கால் வைக்க வேண்டும். அம்மாவால் அது முடியுமா என்று உங்களுக்குத்தான் தெரியும். அலை அதிகமானால் சக்கர நாற்காலியை ஏற்ற மாட்டார்கள், அன்று வாதாடாதீர்கள். திரும்பும்போது கடைசிப் படகுக்குக் காத்திருக்கவே கூடாது.

கே: ஜூலையில் கோசுமெல் போகிறோம். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா விலை அதிகம், வெளியே பாதி விலைக்குக் கிடைக்கிறது. வெளியே எடுத்தால் ஆபத்தா? நேரத்துக்கு என்னிடம் போன் இருக்கிறது.

ப: வெளியே எடுப்பதில் தப்பே இல்லை, நானும் அப்படித்தான் செய்கிறேன். உங்கள் கடைசி வாக்கியம்தான் என்னைப் பதறவைக்கிறது. எத்தனை முறை எழுதிவிட்டேன்!

கோசுமெல் தீவு இருக்கும் மெக்சிகோவின் கின்டானா ரூ மாநிலம் 2015 பிப்ரவரியில் தன் நேரத்தை அமெரிக்காவின் புளோரிடாவுடைய குளிர்கால நேரத்துக்கு மாற்றிக்கொண்டது. அங்கே கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கமும் இல்லை. புளோரிடாவில் உண்டு. அங்குள்ள மயாமியிலிருந்து கிளம்பும் கப்பல் பலமுறை மயாமி நேரத்தையே வைத்துக்கொள்ளும். ஆக, ஜூலையில் கப்பலில் 4 மணி என்றால் தீவில் 3 மணி. உங்கள் போன் கரையில் சிக்னல் கிடைத்ததும் உங்களைக் கேட்காமலே தீவு நேரத்துக்கு மாறிவிடும். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே" என்று நிழலில் உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே கயிறு அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். மேல் தளத்திலிருந்து இதை நானே பார்த்திருக்கிறேன். ஒருவர் ஒரு கையில் ஓலைத் தொப்பி, மறு கையில் செருப்பு, பின்னால் மனைவி, துறை நெடுக ஓடிவருகிறார். கப்பலுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே அதற்குள் பத்தடித் தண்ணீர். மேலே நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கும். தனியார் சுற்றுலாவுக்கு அந்தச் சலுகை இல்லை. 2024 மார்ச் இறுதியில் ஆப்பிரிக்காவை ஒட்டிய சாவோ டோமே தீவில் எட்டுப் பயணிகள் தனியார் சுற்றுலா முடிந்து தாமதமாக வந்தார்கள். கப்பல் இன்னும் கண்ணுக்கெதிரே நங்கூரமிட்டு நின்றது. கடலோரக் காவல் படகில் பக்கத்தில் கொண்டுபோய் விட்டும் ஏற்றவில்லை. கேம்பியாவில் பிடித்துவிடலாம் என்று நாடு நாடாக அலைந்தால், அங்கே கடல் நிலை சரியில்லாமல் கப்பல் துறைக்கே வரவில்லை. கடைசியில் செனகலில்தான் மீண்டும் பிடிக்க முடிந்தது.

ஆகவே: சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பலை விட்டு இறங்கும்போதே கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் "4 மணிக்கு வந்துவிட வேண்டும்" என்று சொல்லாதீர்கள், அவருக்கு அது தீவின் 4 மணி. அவர் கடிகாரத்தைக் காட்டி நேரம் குறியுங்கள். ஏறும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே திரும்பக் கிளம்புங்கள். கப்பலில் தினமும் தரும் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துவைத்தால் போதாது, பேட்டரி தீர்ந்துபோகும். தாளையே மடித்துப் பையில் போடுங்கள்.

கே: பார்படோஸில் மகன் ராணுவப் புள்ளி போட்ட கால்சட்டை அணியலாமா?

ப: கூடாது. அங்கே சாதாரணக் குடிமக்கள் அந்த டிசைனை அணிவது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கில்லை. ஜமைக்கா உட்பட வேறு சில தீவுகளிலும் இதே கதை. பெட்டியிலேயே வைக்காதீர்கள்.

கே: கடற்கரையில் ஒரு மரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருந்தது. குட்டி ஆப்பிள் மாதிரி பச்சைக் காய். என்ன மரம்?

ப: மான்சினீல். தொடவில்லையே? பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டும் தண்ணீரே போதும். பட்டை எல்லா மரத்திலும் அடித்திருக்க மாட்டார்கள், இலையும் காயும் நினைவிருக்கட்டும்.

கே: டாலர் போதுமா, உள்ளூர்ப் பணம் மாற்ற வேண்டுமா?

ப: டாலர் போதும், சில்லறை நோட்டாக. 100 டாலரை நீட்டினால் மீதியை உள்ளூர்ப் பணத்தில் தருவார்கள், அடுத்த தீவில் அது காகிதம். செயின்ட் லூசியா, ஆன்டிகுவா பக்கம் விலை சொன்னால் எந்த டாலர் என்று கேளுங்கள். கிழக்குக் கரீபியன் டாலர் 2.70 சேர்ந்தால்தான் ஒரு அமெரிக்க டாலர்.

கே: கப்பலில் போன் பில் ஏகத்துக்கு வந்துவிட்டது. ஏன்?

ப: ஏரோபிளேன் மோட் போடவில்லை. வேறென்ன!

கே: எந்த சன்ஸ்கிரீன் கொண்டுபோவது?

ப: ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற ரசாயனங்கள் இரண்டும் இல்லாதது. பவளத்துக்குக் கெடுதல் என்று பலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் தடைபோட்டன. ஸ்நார்க்கெலிங் செய்வதாக இருந்தால் முழுக்கைப் பனியன் ஒன்று போடுங்கள். முகம் தண்ணீருக்குள், முதுகு வெயிலில், சூடே தெரியாது. இரவு மல்லாந்து படுக்கும்போதுதான் தெரியும்.

கே: காலை உணவு மேசையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு இறங்கலாமா?

ப: வேண்டாம். பெரும்பாலான தீவுகளில் பழமும் சமைத்த உணவும் கரைக்குப் போகக் கூடாது. பவளத் துண்டும் சங்கும் பொறுக்கிக்கொண்டு திரும்பி வருவதும் அப்படித்தான், சுங்கத்தில் மாட்டுவீர்கள்.

கே: இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள். பேசாமல் கப்பலிலேயே இருந்துவிட்டால் என்ன?

ப: தாராளமாக இருங்கள். கூட்டமெல்லாம் கரைக்குப் போயிருக்கும், நீச்சல் குளத்தில் நீங்கள் மட்டும்தான். ஆனால் இறங்கவே போவதில்லை என்பதால் அந்தத் தீவின் விசா தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பல கப்பல் நிறுவனங்கள் கிளம்பும் துறைமுகத்திலேயே உங்களை ஏற்ற மாட்டார்கள்.