நடுக்கத்துக்கும் மறதிக்கும் மூலிகைச் சாறு: கேள்வி பதில்

பல வருடமாக மூலிகைகளின் வேதியியலைப் படித்தும் கற்பித்தும் வருகிறேன். பார்கின்சன், அல்சைமர் நோயாளிகளின் வீட்டார் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதுகிறேன். எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான்: செடிச் சாறு நோயின் வேகத்தைக் குறைக்குமா? மனிதர்களிடம் ஒழுங்காக நடந்த சோதனைகளில் இதுவரை எந்தச் சாறும் அப்படிக் குறைத்ததாக நிரூபணமாகவில்லை. தொந்தரவைத் தணிப்பது வேறு, நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துவது வேறு. இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, நாலு வருடமாகப் பார்கின்சன். பூனைக்காலி விதையில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒரே மருந்துதான் என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடி கொடுக்கலாமா சார்? (திருச்சியிலிருந்து ஒரு மகள்)

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. அப்பா எடுக்கும் பார்கின்சன் மாத்திரையில் இருக்கும் மருந்தின் பெயர் லெவோடோபா. அதைத் திடீரென்று விட்டால் உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம்.

நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மையும் இருக்கிறது. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவை 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். அது பார்கின்சனுக்கு மருந்தாகும் என்று உலகம் கண்டுகொண்டது 1960-களில்தான். பொலிவியாவில் 18 நோயாளிகளுக்கு வறுத்துப் பொடித்த விதையை ஒரு வேளை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. மாத்திரைக்குச் சளைக்காமல் வேலை செய்தது. அடுத்த வருடம் வெளியான இன்னொரு ஆய்வில் 14 பேருக்குத் தினமும் கொடுத்தார்கள். வயிற்றுத் தொந்தரவாலும், நடமாட்டம் மோசமானதாலும் பாதிப் பேர் நடுவிலேயே விட்டுவிட்டார்கள்.

ஏன் இப்படி? மாத்திரையில் லெவோடோபாவோடு கார்பிடோபாவும் இருக்கும். மூளைக்குப் போய்ச் சேருமுன் லெவோடோபா வழியிலேயே டோபமைனாக (பார்கின்சனில் மூளையில் குறைந்துபோகும் பொருள் இதுதான்) மாறிவிடாமல் தடுப்பது அதன் வேலை. விதையில் அது கிடையாது. அதனால் அதிக அளவு கொடுக்க வேண்டிவரும். குமட்டல், வாந்தி, எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் எல்லாம் கூடவே வரும்.

அளவையும் பாருங்கள். விதையில் பெரும்பாலும் 4 முதல் 6 சதவீதம் லெவோடோபா. 5 கிராம் பொடி என்றால் 200 மில்லிகிராமும் இருக்கலாம், 300-ம் இருக்கலாம். வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிய விதையென்றால் இன்னும் குறையும். மலைவாழ் காணிக்காரர்கள் இந்த விதையைப் பல தடவை வேகவைத்து, தண்ணீரை இறுத்த பிறகே உணவாகச் சாப்பிடுவார்கள். கடையில் வாங்கும் பொடி எப்படித் தயாரானது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் அளவு மிஞ்சி, கைகால் தானாக நெளிவது, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது போன்றவை வரலாம்.

லெவோடோபா நோயின் வேகத்தைக் குறைக்கிறதா என்று நெதர்லாந்தில் 445 பேரிடம் 80 வாரம் பார்த்தார்கள். முதலிலேயே தொடங்கியவர்களுக்கும் 40 வாரம் கழித்துத் தொடங்கியவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் இல்லை. நடுக்கத்தையும் விறைப்பையும் தணிக்கும் அருமையான மருந்து அது. மாத்திரையில் வந்தாலும் விதையில் வந்தாலும் அது செய்வது அவ்வளவுதான்.

கேள்வி: ஐயா, அம்மம்மாவுக்கு மறதி கூடிக்கொண்டு போகுது. ஒவ்வொரு நாளும் வல்லாரைச் சம்பல் குடுக்கிறம். கடையில வல்லாரைக் குளிசையும் விக்கினம். அது இன்னும் நல்லதோ? (யாழ்ப்பாணம்)

பதில்: சம்பலைத் தாராளமாகக் கொடுங்கள். அம்மம்மா விரும்பிச் சாப்பிட்டால் அதுவே பெரிய விஷயம். ஈரமான வாய்க்கால் ஓரத்தில் வளரும் கீரை என்பதால், பச்சையாகச் சாப்பிடும்போது பல தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள்.

குளிசையை நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் ஓரிகானில் வல்லாரைச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் பார்த்திருக்கிறார்கள். அல்சைமர் நோயாளிகளின் சரிவை அது தாமதப்படுத்தியதாகப் பெரிய சோதனை எதுவும் காட்டவில்லை. அர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரை எடுத்த மூன்று பெண்களுக்கு ஈரல் பாதித்தது 2005-ல் பதிவாகியிருக்கிறது. கீரையாகச் சாப்பிடும் அளவு வேறு, செறிவாக்கிய சாற்றின் அளவு வேறு.

கேள்வி: நாம் மஞ்சள் சாப்பிடுவதால்தான் இந்தியாவில் அல்சைமர் குறைவாமே?

பதில்: குறைவு என்று இன்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களுக்குப் பொதுப்பெயர்) வாழ்வதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது.

மஞ்சளில் மருந்தாகப் பேசப்படும் பொருளான குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதிலும் இரத்தத்தில் சேருவது மிகச் சொற்பம். அல்சைமர் நோயாளிகள் 36 பேருக்கு 24 வாரம் குர்குமின் கொடுத்த ஆய்வு 2012-ல் வந்தது. பலன் இல்லை. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் உடம்பு ஏற்கும் அளவு 20 மடங்கு கூடும் என்று 1998-ல் பெங்களூரு ஆய்வு காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு விற்கும் மாத்திரைகளால் ஈரல் கெட்ட நோயாளிகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ரசத்தில் போடும் மஞ்சளுக்கும் மிளகுக்கும் பயப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள் தூள் வங்கதேசத்திலும் வட இந்தியாவிலும் பிடிபட்டிருக்கிறது. ஈயம் மூளைக்கு நேரடி விஷம். மஞ்சள் கிழங்கு வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஜிங்கோ மாத்திரை? (சிங்கப்பூர்)

பதில்: ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சாற்றில் செய்து, ஞாபகசக்திக்கு என்று விற்கும் மாத்திரை அது. வேண்டாம். 75 வயது தாண்டிய 3,069 பேரிடம் ஆறு வருடம் நடந்த அமெரிக்கச் சோதனை 2008-ல் வெளியானது. ஜிங்கோ எடுத்தவர்களில் 277 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 246 பேருக்கும் டிமென்ஷியா வந்தது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு ஜிங்கோவால் இரத்தப்போக்கு ஆபத்தும் உண்டு.

கேள்வி: செடியால் பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் என்ன? என் மாமா முள்சீத்தா இலைக் கஷாயம் தினமும் குடிக்கிறார், உடம்புக்கு நல்லது என்று. (கோவை)

பதில்: அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில், லெவோடோபாவுக்குச் சரியாகக் கட்டுப்படாத ஒருவகைப் பார்கின்சன் பாதிப்பு வழக்கத்துக்கு மாறாக அதிகம். 1999-ல் வெளியான ஆய்வு அதை முள்சீத்தாப் பழத்தோடும் இலைக் கஷாயத்தோடும் தொடர்புபடுத்தியது. அந்தச் செடியிலுள்ள அன்னோனாசின் என்ற பொருளை எலிகளுக்குச் செலுத்தியபோது மூளையின் நரம்பணுக்கள் செத்தன. நரம்பைக் காக்கும் செடியைத் தேடுகிற நாம், நரம்பை அழிக்கும் செடியும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. கேசரிப் பருப்பை மாதக்கணக்கில் முக்கிய உணவாகச் சாப்பிட்டவர்களுக்குக் கால்கள் முடங்கியதும் இந்த நாட்டில் நடந்ததுதான்.

கேள்வி: எலிகளிடம் பலிப்பது மனிதர்களிடம் ஏன் பலிப்பதில்லை? (மதுரை, மருந்தியல் மாணவி)

பதில்: நல்ல கேள்வி. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2012-ல் அமுக்கரா வேர்ச் சாற்றை, அல்சைமர் போன்ற பாதிப்பு வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு 30 நாள் கொடுத்தது. மறதி சரியாகி, அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் குறைந்தது. சாறு முக்கியமாக ஈரலில் வேலை செய்தது என்பதுதான் அந்த ஆய்வில் வியப்பான செய்தி. நேர்மையான, அழகான ஆய்வு. ஆனால் அந்த எலிக்கு நாம் மரபணுவில் ஏற்றிய ஒரு கோளாறுதான் உண்டு. நம் தாத்தாவுக்கு 80 வருட இரத்தக்குழாய், சர்க்கரை, 20 வருடமாகச் சத்தமில்லாமல் வளர்ந்த நோய் எல்லாம் சேர்ந்து இருக்கின்றன. எலிக்கு எடைக்கு ஏற்பக் கொடுத்த அளவை மனிதனுக்குக் கொடுக்கவும் முடியாது. பச்சைத் தேயிலைச் சாறு ஆய்வகத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஜெர்மனியில் மூளைச் சிதைவு நோயுள்ள 92 பேருக்கு 48 வாரம் கொடுத்தார்கள். நோய் தாமதமாகவில்லை, சிலருக்கு ஈரல் பாதித்தது.

செடியைக் கைவிடச் சொல்லவில்லை. பனித்துளிப் பூச்செடியிலிருந்து வந்த காலன்டமைன் இன்றும் அல்சைமருக்கு எழுதித் தரப்படுகிறது. அதுவும் தொந்தரவைத்தான் குறைக்கிறது. அடுத்தது உங்கள் தலைமுறையிலிருந்து வரட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு இப்போதுதான் மறதி தொடங்கியிருக்கிறது. எதில் ஆரம்பிப்பது?

பதில்: வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் முதலில் பார்த்துவிடுங்கள். இவற்றால் வரும் மறதியைச் சிகிச்சையால் பெருமளவு சரிசெய்யலாம். மன அழுத்தத்தையும் விசாரிக்கச் சொல்லுங்கள். காது மந்தமாக இருந்தால் கருவி வாங்கிக் கொடுங்கள், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். கேட்கும் திறன், இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, புகை உள்ளிட்ட 14 விஷயங்களைச் சரிசெய்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு கணக்கிட்டது. மருத்துவரிடம் போகும்போது அம்மா சாப்பிடும் மாத்திரை, சூரணம், லேகியம், தூக்க மாத்திரை, சளி மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள். சில சளி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளுமே மறதியை உண்டாக்கும்.