காலை ஜெபத்தில் இருந்த பிரசன்னம் சமையலறையில் ஏன் இல்லை?

டிபன் கட்டும் அவசரத்தில் தொலைவது உங்கள் அமைதி மட்டும்தான், ஆண்டவர் அங்கேயேதான் இருக்கிறார். ஐந்து மணி ஜெபத்தில் உணர்ந்தது ஏழு மணிக்குள் காணாமல் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த அமைதியையே பிரசன்னம், அதாவது ஆண்டவர் கூடவே இருப்பது, என்று எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது என்று எனக்குப் படுகிறது.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்தில் சமையல் வேலை பார்த்தவர் சகோதரர் லாரன்ஸ். போரில் காயம்பட்ட பழைய படைவீரர். சமையல் என்றாலே அவருக்கு ஆகாது! ஆனாலும் வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுள்மேல் உள்ள அன்புக்காகச் செய்தார். போகப்போக, மண்டியிட்டிருக்கும் நேரமும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே நிற்கும் நேரமும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. சும்மா வந்ததில்லை அது. முதல் பத்து வருடம் மிகவும் தவித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதனால் நீங்கள் முயன்றுவரும் இந்த மூன்று மாதத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் ஒரே ஒரு வரி அவரிடம் பேசுங்கள். மனப்பாட ஜெபம் வேண்டாம். "ஆண்டவரே, உப்பு போட்டேனா?" என்பதுகூடப் போதும். மறந்துவிட்டால் அடுத்த விசிலில் தொடருங்கள். அதற்காக வருந்திக்கொண்டு நிற்க வேண்டாம். லாரன்ஸும் அப்படித்தான் செய்தார்.

அப்புறம் ஒன்று. தூக்கமில்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் இருந்தால் அதை ஜெபக் குறையாக மட்டும் நினைக்காதீர்கள். மருத்துவரையும் பாருங்கள்.