மறுநாள் காலை இடியப்பம் போதும்

கேள்வி: அக்கா, ஐப்பசியில் தம்பிக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை, தெஹிவளையில் மண்டபம். கனடா, லண்டனிலிருந்து இருபது பேர், யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள். கல்யாணத்தன்று யாரோடும் ஆறுதலாக இருந்து கதைக்க முடியாது, திங்கட்கிழமை எல்லோரையும் ஒருமுறை கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். ஒரு ஹோட்டலில் விசாரித்தோம். பகல் சாப்பாடு தலைக்கு 3,500 ரூபா, சேவைக் கட்டணமும் வரியும் வேறு என்றார்கள். எங்கள் கையில் மிஞ்சுவது ஒரு லட்சம்தான். ஏதாவது வழி இருக்கிறதா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: இருக்கிறது தங்கச்சி. ஆனால் ஹோட்டலில் இல்லை, பகல் சாப்பாட்டிலும் இல்லை.

முதலில் அந்த "வேறு" என்ற சொல்லைக் கணக்குப் பார்ப்போம். அறுபது பேருக்கு 3,500 என்றால் 210,000. சேவைக் கட்டணம் வழக்கமாக 10 வீதம். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். இரண்டையும் சேர்த்தால் 268,800 ரூபாவுக்குக் குறையாது. அதற்குள் தேத்தண்ணி இல்லை, குழந்தைகள் கேட்கும் குளிர்பானம் இல்லை. இன்னொரு விஷயமும் கேட்டுப் பாருங்கள்: குறைந்தது இத்தனை பேருக்குப் பணம் கட்டவேண்டும் என்று எழுதி வாங்குகிறார்களா என்று. எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் நாங்கள் அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம். எண்பது பேருக்குக் காசு கட்டினோம், வந்தது நாற்பத்தேழு பேர். மற்றவர்கள் முதல் நாள் இரவு இரண்டு மணிக்குப் படுத்து, பகல் ஒரு மணிக்கும் எழும்பவில்லை. அந்த முப்பத்துமூன்று வெற்றுக் கதிரைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரியும்.

ஆகவே காலைச் சாப்பாடாக வையுங்கள். எட்டரையிலிருந்து பதினொரு மணி வரை, வருகிறவர்கள் வருகிற நேரத்தில் சாப்பிடட்டும். இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், உருளைக்கிழங்குப் பிரட்டல், உழுந்து வடை, வாழைப்பழம், பால்தேத்தண்ணி. வேறொன்றும் வேண்டாம். கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கு புரியாணியை விட இதுதான் பெரிய விருந்து, நம்புங்கள். உங்கள் பக்கத்திலேயே வீட்டிலிருந்து இடியப்பம் அவித்துக் கொடுக்கும் பெண்கள் இருப்பார்கள், அக்கம்பக்கத்தில் கேட்டால் நல்ல கை யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். பெரியவர்களுக்குப் பத்து, பிள்ளைகளுக்கு ஐந்து என்று கணக்குப் போட்டு ஒரு கிழமைக்கு முன்பே சொல்லி வையுங்கள். அறுநூறு இடியப்பத்தை ஒரே ஆள் விடியற்காலையில் அவிக்க முடியாது, இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் புத்தி. சொதியையும் சம்பலையும் மட்டும் வெளியே கொடுக்காதீர்கள். தேங்காய்ப்பாலும் திருவின தேங்காயும் கொழும்பு வெக்கையில் மணிக்கணக்காகத் தாங்காது. அன்று காலையே வீட்டில், அதுவும் இரண்டு தடவையாக வைப்பது நல்லது.

மீன் குழம்பு இல்லையா என்று ஒரு சித்தப்பா கேட்பார், கட்டாயம் கேட்பார். நாட்காட்டியைப் பாருங்கள். தீபாவளி கழிந்த அமாவாசைக்கு அடுத்த நாள் கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிடும், அந்த ஆறு நாளுக்குள் உங்கள் திங்கள் விழுந்தால் சைவம் தவிர வேறு பேச்சே இல்லை. விழாவிட்டாலும் சைவமாகவே வையுங்கள், செலவும் குறையும், இரண்டு சட்டி தனித்தனியாக வைக்கிற தொல்லையும் இல்லை. காலை நேரம் என்பதால் தம்பியின் நண்பர்கள் போத்தலைப் பற்றியும் வாய் திறக்கமாட்டார்கள்.

இடத்துக்கு வருவோம். உங்கள் அடுக்குமாடியில் மொட்டைமாடியோ பொது அறையோ இருந்தால் முகாமைத்துவக் குழுவிடம் இப்போதே எழுத்தில் அனுமதி கேளுங்கள். சில இடங்களில் ஒரு தொகை முற்பணமாக வாங்கி, சுத்தம் செய்து கொடுத்த பிறகு திருப்பித் தருவார்கள். ஐப்பசியில் கொழும்பில் பெரும்பாலும் பின்னேரம்தான் இடி இடித்துக் கொட்டும், காலை வெளித்திருக்கும், ஆனாலும் மொட்டைமாடி என்றால் ஒரு கூடாரத்துக்குச் சொல்லி வையுங்கள், வெயிலுக்கும் அது வேண்டும். யாராவது "காலிமுகத்திடலில் பாய் விரித்து இருப்போமே" என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு விட்டுவிடுங்கள். பின்னேரம் காற்று வாங்கவும் இறால் வடை சாப்பிடவும் நல்ல இடம்தான். எழுபது வயது மாமியை நிழல் இல்லாத புல்வெளியில் இருத்தி இடியப்பம் கொடுக்க அது இடமில்லை. கோயில் மண்டபங்களையும் கேட்டுப் பார்க்கலாம், திங்கள் காலை என்றபடியால் கிடைக்க வாய்ப்பு அதிகம். எந்த இடமென்றாலும் விருந்தினர் தங்கியிருக்கும் வீடுகளிலிருந்து நடந்து வரும் தூரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வான் வாடகையில் ஒரு லட்சத்தின் கால்வாசி போய்விடும், அதை யாரும் முதலில் கணக்கில் எழுதுவதில்லை.

தட்டுக்கு வாழையிலை, அல்லது கதிரை வாடகைக்குக் கொடுப்பவர்களிடமே பீங்கானும் எடுங்கள். பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, கப் எல்லாம் 2023 ஒக்டோபரிலிருந்து இலங்கையில் தடை. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருக்கிறது, அதனால் அவித்துத் தருகிறவரிடம் பனையோலைத் தட்டா பிரம்புத் தட்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி யாரைக் கூப்பிடுவது? சண்டை வருகிற இடம் இதுதான். வாயால் சொல்லக்கூடிய ஒரு விதி வையுங்கள்: "வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களுக்கு மட்டும்." அப்போது கொட்டாஞ்சேனைப் பெரியம்மா "எங்களை விட்டுவிட்டீர்கள்" என்று கேட்டாலும் பதில் இருக்கும். ஒரு கொழும்பு உறவைக் கூப்பிட்டாலும் விதி உடைந்தது, பிறகு நூற்றிருபது பேர். திங்கள் வேலைநாள் என்பதும் உங்களுக்கு வாய்ப்பு, அலுவலகம் போகிறவர்கள் தாங்களாகவே குறைந்துவிடுவார்கள். அழைப்பிதழில் அச்சடிக்க வேண்டாம். தொலைபேசியில் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை வட்ஸ்அப்பில் ஒரு தரம் நினைவூட்டி ஆள் தொகையை முடிவு செய்யுங்கள்.

பெயரும் முக்கியம். "ஹோம்கமிங்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் வைக்கிற வரவேற்பு விருந்து அது, கொழும்பில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மேடை, கேக், படப்பிடிப்பு, புதுச் சாறி எல்லாம் மனதில் வந்துவிடும். வயதானவர்கள் "அப்போ நாலாம் சடங்கு?" என்று, கல்யாணத்துக்கு நாலாம் நாள் வைக்கிற சடங்கை நினைத்துக் கேட்கக்கூடும். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, அதையும் இதே காலையோடு சேர்ப்பதா தனியே வைப்பதா என்று தீர்த்துவிடுங்கள். சேர்த்தால் செலவில் பாதியை அவர்கள் தாங்களாகவே ஏற்றுக்கொள்ளக்கூடும். நீங்கள் கேட்காதீர்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு திரும்புகிறவர்கள் அறையைப் பகலில் விட்டுவிட்டு இரவு வரை பெட்டியோடு எங்கே போவார்கள்? ஒரு அறையைப் பெட்டிகளுக்கும், ஒரு அறையைச் சாய்ந்து படுக்கவும் ஒதுக்கிக் கொடுங்கள். புறப்படும்போது ஒரு கட்டுச்சோற்றுப் பார்சல். இதற்கு ஆகும் காசு சொற்பம், ஆனால் பத்து வருடத்துக்குப் பிறகும் இதைத்தான் சொல்வார்கள், மண்டபத்து அலங்காரத்தை அல்ல.

கேள்வி: கல்யாணச் சாப்பாடு நிறைய மிஞ்சும். அதையே மறுநாள் சூடாக்கிக் கொடுத்தால் என்ன?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: சோறும் கறியும் வேண்டாம். பகல் முழுக்க அண்டாவில் இருந்த சோறு மறுபடி சூடாக்கினாலும் வயிற்றைக் குழப்பும், அடுத்த நாள் விமானம் ஏறுகிறவருக்கு அதைவிடக் கொடுமை இல்லை. அன்றிரவே, கெடுவதற்கு முன்பே, முதியோர், சிறுவர் இல்லங்களுக்கோ வேலை செய்தவர்களுக்கோ கொடுத்துவிடுங்கள். பலகாரம் வேறு கதை. பயத்தம் பணியாரம், அரியதரம், முறுக்கு எல்லாம் நாள்கணக்கில் இருக்கும், காலைத் தேத்தண்ணியோடு அவைதான் உங்கள் இனிப்பு. மண்டபத்தில் பெட்டியைத் திறக்க முன் பாதியை ஒளித்து வையுங்கள், இல்லாவிட்டால் மிஞ்சாது.

கேள்வி: மறுநாள் மணமக்களும் வந்து நிற்க வேண்டுமா? என் மகள் களைத்துப் போவாள் என்று பயமாக இருக்கிறது.
வாசகி, தெஹிவளை

பதில்: பத்து மணிக்கு வரட்டும், அரை மணி நேரம் இருக்கட்டும், பருத்திச் சேலையில், பூ இல்லாமல். வந்ததும் கையில் தட்டைக் கொடுத்து முதலில் சாப்பிட வையுங்கள், முதல் நாள் படம் எடுக்கிறவர் சாப்பிடவிட்டிருக்கமாட்டார்.