பார்லியை யாருக்கு விற்பது? விதைக்கும் முன்பே எடுக்க வேண்டிய முடிவு

கேள்வி: கனடாவின் மேற்கு சஸ்காச்சுவானில், கிண்டர்ஸ்லி அருகே, மாமனார் குடும்பத்துடன் சேர்ந்து 600 ஏக்கரில், பீர் தயாரிப்புக்காக முளைகட்டி உலர்த்தப்படும் மால்ட் ரக பார்லி விதைக்க இருக்கிறோம். ஒரு மால்ட் நிறுவனம் முழு விளைச்சலுக்கும் இப்போதே ஒப்பந்தம் கேட்கிறது. பக்கத்து ஆல்பர்ட்டா மாகாணத்தில், லெத்பிரிட்ஜ் அருகே உள்ள மாட்டுப் பண்ணை ஒன்றும் தீவனத்துக்கு வாங்கத் தயாராக உள்ளது. கோதுமை வாரியம் இருந்த காலமே நிம்மதி என்கிறார் மாமனார். விரும்பியவருக்கு விற்க எங்களுக்கு உரிமை உண்டா? எந்த அழைப்பை ஏற்பது?

பதில்: உரிமை முழுமையாக உண்டு. 2011 டிசம்பரில் கனடா நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, 2012 ஆகஸ்ட் 1 முதல் மேற்கு மாகாணங்களின் விவசாயிகள் தங்கள் கோதுமையையும் பார்லியையும் உள்நாட்டிலோ எல்லை தாண்டியோ எவருக்கும் விற்கலாம். அதற்கு முன் 1949 முதல் மால்ட் பார்லியும் ஏற்றுமதி பார்லியும் தானியத்தை விற்கும் தனியுரிமை பெற்றிருந்த கனடா கோதுமை வாரியத்தின் வழியாகவே சென்றாக வேண்டியிருந்தது. எல்லாப் பார்லியும் வாரியத்துக்குத்தான் என்று பலர் நினைப்பது சரியல்ல; உள்நாட்டுத் தீவனப் பார்லி 1970களிலேயே வெளிச்சந்தைக்கு வந்துவிட்டது. 2007இல் விவசாயிகளிடம் நடந்த பார்லி வாக்கெடுப்பில் 37.8 சதவீதத்தினர் வாரியத்தின் தனியுரிமை நீடிக்க வேண்டும் என்றார்கள், 48.4 சதவீதத்தினர் வாரியத்துக்கோ வெளியாருக்கோ தம் விருப்பப்படி விற்கும் உரிமையைக் கேட்டார்கள், 13.8 சதவீதத்தினர் பார்லியில் வாரியமே வேண்டாம் என்றார்கள். அவ்வாண்டு அரசு வெறும் விதித் திருத்தத்தால் சந்தையைத் திறக்க முயன்றபோது, நாடாளுமன்றத்தைக் கேளாமல் இதைச் செய்ய முடியாது என்று நீதிமன்றம் தடுத்தது. வாரியத்தின் ஏற்றுமதி உரிமமின்றித் தானியத்தை அமெரிக்காவுக்கு ஏற்றிச் சென்று, அபராதம் கட்ட மறுத்து, 2002இல் லெத்பிரிட்ஜ் சிறைக்குப் போன விவசாயிகளும் உண்டு. உங்கள் மாமனாருக்கு அது நினைவிருக்கும்.

அவர் இழந்ததாக எண்ணும் நிம்மதியும் பொய்யல்ல. வாரியம் எல்லோருடைய தானியத்தையும் ஒரே பொதுக் கணக்கில் சேர்த்து, முதலில் ஒரு தொகையும் ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகு மீதியும் கொடுத்தது. செப்டம்பரில் கொடுத்தவருக்கும் மே மாதத்தில் கொடுத்தவருக்கும் ஒரே சராசரி விலைதான் கிடைத்தது. எப்போது விற்பது, பணம் வருமா என்ற இரண்டு கவலைகளையும் வாரியமே சுமந்தது. இன்று அவை உங்கள் தலையில் இருக்கின்றன.

இனி இரண்டாவது கேள்வி. முழு விளைச்சலையும் மால்ட் ஒப்பந்தத்தில் அடைக்காதீர்கள் என்பதே என் கருத்து. மால்ட் ரகத்தை விதைப்பதால் மட்டும் அது மால்ட் பார்லி ஆகிவிடாது; ஆலை மாதிரியைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தால்தான் ஆகும். முளைப்புத்திறன் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, புரதம் ஏறத்தாழ 11 முதல் 12.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மணி திரட்சியாக இருக்க வேண்டும், ஈரம் 13.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அறுவடை நேரத்தில் நான்கு நாள் மழை பெய்தால் முளைப்புத்திறன் போய்விடும். ஜூலை வறண்டால் புரதம் ஏறிவிடும். அறுவடைக்கு முன் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி தெளித்த பார்லியைக் கனடா மால்ட் ஆலைகள் ஏற்பதில்லை என்பதையும் வயலில் மருந்து தெளிப்பவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஏக்கருக்கு 65 புஷல் என்று கொண்டால் உங்கள் விளைச்சல் 39,000 புஷல், அதாவது சுமார் 850 டன். இதில் மூன்றில் ஒரு பங்குக்கு, மிஞ்சினால் பாதிக்கு, ஒப்பந்தம் போதும். கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள். பார்லி தேர்வாகாவிட்டால் ஒப்பந்தம் தானாகக் கலைகிறதா, அல்லது வேறு எங்காவது வாங்கியாவது அந்த அளவை நீங்கள் நிரப்ப வேண்டுமா என்பது முதலாவது. ஆலங்கட்டியாலோ வறட்சியாலோ விளைச்சல் குறைந்தால் உங்களை விடுவிக்கும் இயற்கைப் பேரிடர் விதி இருக்கிறதா என்பது இரண்டாவது. 2021 வறட்சியில், இந்த விதி இல்லாமல் ஒப்பந்தம் செய்தவர்கள் சந்தை விலை ஏறிய பிறகு வித்தியாசத்தைத் தம் கையிலிருந்து கட்ட நேர்ந்தது. ஆலை எந்த மாதத்தில் சரக்கை எடுக்கும், தாமதித்தால் சேமிப்புக் கூலி தருமா என்பது மூன்றாவது.

மாட்டுப் பண்ணையின் விலையை மால்ட் விலையோடு அப்படியே ஒப்பிட வேண்டாம். ஒருவர் புஷல் கணக்கிலும் மற்றவர் டன் கணக்கிலும் பேசுவார். பார்லியில் ஒரு டன் 45.93 புஷல். ஓர் உதாரணத்துக்கு, பக்கத்து எலிவேட்டரில் (தானியம் வாங்கிச் சேமிக்கும் நிலையத்தில்) மால்ட் விலை புஷலுக்கு 6 டாலர் என்றால் டன்னுக்கு 275 டாலருக்குச் சற்று மேல்; உள்ளூர் லாரிக் கூலி 10 டாலர் போனால் கையில் 265. லெத்பிரிட்ஜில் கொண்டு சேர்த்தால் 300 என்று சொன்னாலும், அந்தத் தூரத்துக்கு லாரிக் கூலி 45 என்றால் நிற்பது 255தான். இந்த எண்கள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக மட்டுமே. தீவன விலை ஓரளவுக்கு மேல் ஏறவும் ஏறாது, ஏனெனில் அந்த வட்டாரப் பண்ணைகள் அமெரிக்க மக்காச்சோளத்துக்கு மாறிவிடும்.

பணப் பாதுகாப்பில்தான் பலர் தவறுகிறார்கள். தானிய வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கனடா தானிய ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தால், அது நொடித்தாலும் கொடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள்ளும், காசோலை தந்துவிட்டால் அதன் தேதியிலிருந்து 30 நாளுக்குள்ளும், எது முந்துகிறதோ அதுவரை, அந்த நிறுவனம் கட்டியுள்ள ஈட்டுத் தொகையிலிருந்து நீங்கள் கோரலாம். வரிக்காகப் பணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுபவர்கள் இந்த 90 நாளைத் தாண்டிவிடுவதை மறந்துவிடுகிறார்கள். தம் தேவைக்கு வாங்கும் மாட்டுப் பண்ணைகளுக்குப் பொதுவாக இந்த உரிமமே தேவையில்லை. ஆகவே அங்கே சரக்கை இறக்கிய சில நாளிலேயே பணத்தைப் பெறும்படி பேசிக்கொள்ளுங்கள்.

அறுவடையில் பணமுடை வந்து தீவன விலைக்கு அவசரமாகத் தள்ளிவிடும் நிலையைத் தவிர்க்க, விளைச்சலை ஈடாகக் கொண்டு கடன் தரும் அரசின் முன்பணத் திட்டம் இருக்கிறது. அடிப்படை விதியின்படி முதல் 100,000 டாலருக்கு வட்டி இல்லை. ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கும் பார்லியை ரகம் கலக்காமல் தனித்தனிக் குதிர்களில் உலர்வாக வைத்து, ஒவ்வொரு குதிரிலிருந்தும் மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் 98 சதவீதம் காட்டிய முளைப்புத்திறன் சூடேறிய குதிரில் மார்ச்சுக்குள் இறங்கிவிடக்கூடும் என்பதால், ஜனவரியில் மீண்டும் ஒருமுறை சோதித்துவிட்டு அதன்பின் இரண்டாவது மால்ட் ஆலையிடம் விலை கேளுங்கள்.